தொட்டியில் பிஎச் சரி, நிப்பிளில் இல்லை: என் அனுபவம்

கறிக்கோழி ஷெட்டில் கூளம் (தரையில் பரப்பிய உமி போன்ற படுக்கை) நசநசவென்று ஈரம், கழிச்சலும் நிற்கவில்லை. குடல் கிருமிகளைக் கட்டுப்படுத்தக் குடிநீரில் ஃபார்மிக் அமிலக் கலவை போய்க்கொண்டுதான் இருந்தது. அளவைக் கூட்டியதும் கோழிகள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்தன. பிஎச் (நீரின் புளிப்பைக் காட்டும் எண்; குறையக் குறையப் புளிப்பு கூடும்) 4-க்குக் கீழே போனால் அப்படித்தான். தீவனத்தை மாற்றியும் பலனில்லை.

குடிநீர்க் குழாய் லைனின் கடைசி நிப்பிளில் (கோழி கொத்திக் குடிக்கும் முனை) நீர் பிடித்துப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. தொட்டியில் பிஎச் 5.5, லைன் கோடியில் ஏறத்தாழ 7. குழாய்க்குள் படிந்த சுண்ணாம்பே அமிலத்தைத் தின்றுகொண்டிருந்தது.

அந்த பேட்ச் கோழிகள் விற்றுப்போய் ஷெட் காலியானதும் லைனில் அடர் அமிலக் கரைசலை நிரப்பி ஒரு நாள் நிறுத்தினேன். பிறகு கோடி வால்வைத் திறந்து முழு அழுத்தத்தில் கழுவியதில் பழுப்பு வழுவழுப்பு கட்டிகட்டியாக வந்தது. அது நிப்பிளை அடைக்கும். ஒவ்வொன்றையும் விரலால் தட்டிப் பார்க்க வேண்டும். அமிலத்தோடு குளோரின் கலக்கவே கூடாது, நச்சு வாயு கிளம்பும்.

அடுத்த பேட்ச்சில் கோடியிலும் 5.5 நின்றது, கூளம் உலர்ந்தது.