கடலூர்ல இருந்துக்கிட்டே கலை விமர்சனம் எம்ஏக்கு ரெடியாகறது எப்படி

ஆர்ட் கிரிட்டிசிசம் படிக்க வரையத் தெரியணுமான்னு தான் எல்லாரும் மொதல்ல கேக்குறாங்க. தேவையில்ல. டெல்லி ஜேஎன்யூல ஆர்ட்ஸ் அண்ட் எஸ்தெடிக்ஸ் எம்ஏ இருக்கு, அதுக்கு சியுஇடி பிஜிங்கற நுழைவுத் தேர்வு எழுதணும், பரோடா எம்எஸ் யுனிவர்சிட்டில ஆர்ட் ஹிஸ்டரி இருக்கு. லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட்ல எழுதறதுக்குன்னே ஒரு எம்ஏ, ஃபீஸ பாத்தா தலை சுத்தும். எங்க போனாலும் எழுத்து தான் பேசும், அதுல தான் நான் நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன்.

என்னோட மொத கட்டுரை சிதம்பரம் நடராஜர் பத்தி, பிரபஞ்ச தாண்டவம் அது இதுன்னு நாலு பக்கம் அடிச்சு விட்டிருந்தேன், படிச்ச மேடம் ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க, தூக்கின கால் எடதா வலதா? சின்ன வயசுலேர்ந்து கும்புட்ட சாமி, வாய் வரல. எடது கால் தாங்க. வலது கால் கீழ கெடக்கற குள்ள அசுரன் முயலகன் மேல நிக்குது, மொத்த ஒடம்பு வெயிட்டும் அந்த ஒத்தக் கால்ல தான் எறங்குது, எடது பக்க முன்கை தூக்கின பாதத்த காட்டுது. இத எழுதாம தத்துவம் எழுதி என்ன பிரயோஜனம்.

அதனால மொதல்ல பாண்டி பஸ் ஏறி பாரதி பூங்கா கிட்ட இருக்கற மியூசியம் போங்க. சோழர் வெண்கலச் சிலை ஒண்ணே ஒண்ணு முன்னாடி முக்கா மணி நேரம் நில்லுங்க, போன் பையில இருக்கட்டும், கண்ணுக்கு தெரியறத மட்டும் நோட்டுல எழுதுங்க, இடுப்பு எந்தப் பக்கம் ஒடியுது, எங்க தேஞ்சிருக்கு, பின்னாடி எப்படி இருக்கு. "அழகான", "அற்புதமான" வந்தா அடிச்சிடுங்க. தமிழ்லயே எழுதுங்க, நெளிவு, குழைவு, ஒசிஞ்சு நிக்கறதுன்னு நமக்கு இருக்கற சொல்லு இங்கிலீஷ்ல தேடினா கெடைக்காது, அப்புறமா மாத்திக்கலாம்.

அடுத்தது கருத்து சொல்றது. பண்ருட்டி பக்கம் திருவதிகை போய் கருவறைக்கு மேல இருக்கற விமானத்துல சுதைச் சிற்பத்த, அதாவது சுண்ணாம்புச் சாந்துல செஞ்ச சிற்பத்த பாருங்க. சுதைக்கு மேல திரும்பத் திரும்ப கலர் அடிக்கறது சரியா தப்பா? கும்புட வர்றவங்களுக்கு அது பளிச்சுனு இருக்கற சாமி, தொல்லியல் ஆளுக்கு அது வயித்தெரிச்சல். ரெண்டு பேர் நியாயத்தையும் வெச்சுட்டு நீங்க எந்தப் பக்கம்னு காரணத்தோட எழுதணும், "இருவர் கருத்தும் சரியே"ன்னு முடிச்சா அது விமர்சனம் இல்ல, பஞ்சாயத்து.

பழைய போட்டோவோட ஒப்பிட்டு பாக்கணும்னா பாண்டி செயின்ட் லூயி தெருவுல பிரெஞ்சு இன்ஸ்டிடியூட் இருக்கு, 1955லேர்ந்து நடக்குது, தென்னிந்தியக் கோயில் போட்டோ லட்சத்துக்கு மேல வெச்சிருக்காங்க. உங்க கோயில் இருக்கான்னு கேளுங்க.

கஷ்டமானது உயிரோட இருக்கறவங்க வேலைய எழுதறது. பாண்டி பக்கம் அரியாங்குப்பத்துல இருக்கற கலைக் கல்லூரி, பாரதியார் பல்கலைக்கூடத்து பசங்க எதாவது காட்சிக்கு வெச்சா போய் ஒண்ண எடுத்து எழுதி வரைஞ்சவங்க கிட்டயே படிச்சுக் காட்டுங்க, எந்த வரியில அவங்க மொகம் மாறுதோ அங்க ஒண்ணு நீங்க சரியா பாத்திருக்கீங்க, இல்ல பாக்காம எழுதியிருக்கீங்க.

ஆங், மியூசியத்துக்கு திங்கக்கிழமை போயிடாதீங்க, லீவு. நான் ரெண்டு தடவ பூட்டின கேட்ட பாத்துட்டு திரும்பி வந்திருக்கேன்.