ஆம்ப் மாற்றினால் எல்லாம் சரியாகுமா? ஹெட்ஃபோன் பிரியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விலை கூடிய ஹெட்ஃபோன் வாங்கியாச்சு, போட்டுக் கேட்டால் எதிர்பார்த்த மாதிரி இல்லை. உடனே யாராவது "இதுக்கு நல்ல ஆம்ப் வேணும், அப்போதான் பாடும்" (ஆம்ப் என்றால் சிக்னலுக்குப் பலம் கூட்டும் ஆம்ப்ளிஃபையர்) என்று சொல்வார்கள், ஹெட்ஃபோன் விலைக்குச் சமமான தொகை இன்னொரு முறை கையை விட்டுப் போகும். ஆம்ப் வீண் செலவு என்று சொல்ல வரவில்லை. அது எதை மாற்றும், எதை மாற்றாது என்று தெரியாமல் வாங்குவதுதான் பிரச்சினை. ஒலியின் குணத்தில் பெரும்பங்கு ஹெட்ஃபோனுக்கும் உங்கள் காதுக்கும்தான். ஆம்புக்குச் சின்னப் பங்கு, ஆனால் சில ஜோடிகளில் அந்தச் சின்னப் பங்கு நன்றாகவே கேட்கும்.

அதிகம் பார்க்கும் தவறு, ஓம் எண்ணை, அதாவது ஹெட்ஃபோனின் மின்தடையான இம்பீடன்ஸை, மட்டும் வைத்து முடிவு செய்வது. "300 ஓமா, ஓட்டுவது கஷ்டம், 60 ஓமா, ஃபோனே போதும்" என்ற கணக்கில் பாதி விஷயம் விட்டுப்போகிறது. சென்சிடிவிட்டியையும், அதாவது கொடுக்கும் மின்சக்திக்கு எவ்வளவு சத்தம் வரும் என்பதையும், சேர்த்துப் பார்க்க வேண்டும். சென்ஹைசர் எச்டி 600 ஒரு 300 ஓம் ஹெட்ஃபோன், 1 மில்லிவாட் கொடுத்தால் சுமார் 97 டெசிபெல் தரும். ஹைஃபைமேன் சுஸ்வாரா வெறும் 60 ஓம், ஆனால் அதே 1 மில்லிவாட்டுக்கு 83 டெசிபெல்தான். இசையின் உச்சங்கள் 110 டெசிபெல் தொட வேண்டும் என்று வைத்துக்கொண்டால் (அது பெரிய சத்தம், நாள் முழுக்க அந்த அளவில் கேட்கவே கூடாது), எச்டி 600-க்கு 20 மில்லிவாட், ஏறக்குறைய 2.5 வோல்ட் போதும். சுஸ்வாராவுக்கு 500 மில்லிவாட், 5.5 வோல்ட் வேண்டும், கரண்டும் பத்து மடங்குக்கு மேல் வேண்டும். ஆப்பிளின் சின்ன யூஎஸ்பி-சி டாங்கிள் (ஃபோனில் செருகி ஹெட்ஃபோனை மாட்டும் அடாப்டர்) ஐஃபோனில் 1 வோல்ட் அளவுக்குத் தரும், அதிலேயே எச்டி 600 சுமார் 102 டெசிபெல் வரை போகும். சினிமாப் பாட்டுக்கு அது தாராளம். மெதுவாக ஆரம்பித்து உச்சத்துக்கு ஏறும் ஆர்கெஸ்ட்ரா ரெக்கார்டிங்குகளில்தான் கொஞ்சம் போதாமல் இருக்கும்.

அடுத்தது ஆம்பின் அவுட்புட் இம்பீடன்ஸ், அதாவது அதன் வெளியீட்டில் உள்ள மின்தடை, பலர் கண்டுகொள்ளாத எண். ஹெட்ஃபோனின் இம்பீடன்ஸில் எட்டில் ஒரு பங்குக்குக் கீழே அது இருந்தால் கவலையில்லை என்பது நடைமுறைக் கணக்கு. சென்ஹைசர் எச்டி 650-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டியில் 300 ஓம் என்று போட்டிருந்தாலும் 100 ஹெர்ட்ஸை ஒட்டிய இடத்தில் அது 500 ஓம் பக்கம் எழும். அவுட்புட் இம்பீடன்ஸ் 120 ஓம் உள்ள ஒரு டியூப் (வால்வு) ஆம்பில் செருகினால், அந்த இடத்தில் மட்டும் வோல்டேஜ் கொஞ்சம் கூடுதலாகக் கிடைத்து, பேஸ் (தாழ்சுருதி ஒலி) சுமார் 1 டெசிபெல் தூக்கிக்கொடுக்கும். "டியூப் வெதுவெதுப்பு" என்று ரசிக்கிறோமே, இந்த ஜோடியில் அதில் ஒரு பகுதி இதுதான். ரசிப்பதில் தவறே இல்லை, எனக்கும் அந்தச் சேர்க்கை பிடிக்கும். ஆனால் அதே ஆம்பை ஒரு பிளேனார் (தட்டையான மெல்லிய சவ்வு கொண்ட) ஹெட்ஃபோனோடு சேர்த்து அதே வெதுவெதுப்பை எதிர்பார்த்தால் கிடைக்காது. பிளேனாரின் இம்பீடன்ஸ் எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒரே மட்டம், அதனால் சத்தம் குறையுமே தவிர டோன் பெரிதாக மாறாது. பல டிரைவர் (ஒலி எழுப்பும் பாகம்) உள்ள ஐஇஎம்களில் (காதுக்குள் செருகும் இயர்ஃபோன்கள்) நிலைமை நேர் எதிர், சில ஓம் வித்தியாசமே டோனைப் புரட்டிவிடும்.

இரண்டு ஆம்ப்களைச் சத்தம் சரிசெய்யாமல் ஒப்பிடுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. சத்தம் கூடினால் காதுக்கு பேஸும் நுணுக்கமும் கூடின மாதிரி இருக்கும். இதில் பேஸ் பற்றிய பகுதியை ஃப்ளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் 1933-லேயே அளந்து காட்டிவிட்டார்கள். 1 டெசிபெல் கூடுதலாக ஓடும் ஆம்ப் சத்தமாக இருப்பதாகத் தோன்றாது, "நல்லா" இருப்பதாகத் தோன்றும். 4.4 மி.மீ. பேலன்ஸ்டு ஜாக்குக்கு மாறினவுடன் மேடையே (ஒலி பரந்து கேட்கும் இடம்) விரிந்துவிட்டது என்கிறவர்கள் முதலில் இதைப் பார்க்க வேண்டும்: அந்த ஜாக் பல கருவிகளில் இரு மடங்கு வோல்ட் தருகிறது, அதாவது 6 டெசிபெல் அதிகம். ஒரு மல்டிமீட்டர் எடுத்து, 200 ஹெர்ட்ஸ் சோதனை ஒலி ஓடவிட்டு, ஹெட்ஃபோன் செருகிய நிலையில் இரண்டு ஆம்ப்களின் வோல்ட்டையும் 1 சதவீதத்துக்குள் கொண்டுவாருங்கள். அப்புறம் எது ஓடுகிறது என்று தெரியாமல் வேறு ஒருவரை மாற்றச் சொல்லிக் கேளுங்கள். நிறைய வித்தியாசங்கள் அங்கேயே கரைந்துவிடும், மிஞ்சுவது உண்மையான வித்தியாசம்.

ஹெட்ஃபோனின் குறையை ஆம்பால் சரிசெய்யப் பார்ப்பது இன்னொன்று. 2009-ல் வந்த எச்டி 800-க்கு 6 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ஒரு கூர்மையான மேடு உண்டு. அதை அடக்கத்தான் எத்தனை பேர் ஆம்ப் மேல் ஆம்பாக மாற்றினார்கள்! சென்ஹைசர் பிறகு எச்டி 800 எஸ்-ல் ஹெட்ஃபோனுக்குள்ளேயே ஒலியை உறிஞ்சும் அமைப்பு ஒன்றை வைத்து அந்த மேட்டைக் குறைத்தது. குறை எங்கே இருக்கிறதோ அங்கேதான் சரிசெய்ய முடியும். ஒழுங்காக வேலை செய்யும் எந்த சாலிட் ஸ்டேட் (டிரான்சிஸ்டர்) ஆம்பும் 6 கிலோஹெர்ட்ஸை மட்டும் தேடிப் பிடித்துக் குறைக்காது. ஒரு ஈக்யூ, அதாவது ஒலியின் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் மென்பொருள், இலவசமாகக் குறைக்கும். ஆம்பைத் தொடும் முன் காது பேடுகளையும் பாருங்கள், நசுங்கிப்போன பேட் டோனை ஆம்பை விட அதிகமாக மாற்றும்.

சரி, ரசனைக்கு வருவோம். ஒலி ஆய்வாளர் ஷான் ஆலிவ் தலைமையில் ஹார்மன் நிறுவனம் நடத்திய சோதனைகளில் 64 சதவீதம் பேருக்கு அந்த நிறுவனத்தின் டார்கெட் வளைவு (பேஸ் முதல் உச்ச ஒலி வரை எது எவ்வளவு சத்தமாக இருக்க வேண்டும் என்ற வரைபடம்) பிடித்தது, 21 சதவீதம் பேர் பேஸ் இன்னும் குறைவாக வேண்டும் என்றார்கள், 15 சதவீதம் பேர் இன்னும் வேண்டும் என்றார்கள். மூன்றில் ஒருவருக்கு மேல் வேறு ரசனை. அதோடு காதுக் குழாயின் அளவு ஆளுக்கு ஆள் மாறுவதால், ஒருவர் காதைக் குத்தும் ட்ரெபிள் (மேல்சுருதி ஒலி) இன்னொருவருக்குத் தெளிவாகக் கேட்கும். அதனால் விமர்சகர் சொன்னார் என்று வாங்காதீர்கள், விலையையும் நம்பாதீர்கள். 283 ஹெட்ஃபோன்களை அளந்து 2017-ல் வெளியான ஆய்வில் விலைக்கும் ஃப்ரீக்வென்சி ரெஸ்பான்ஸுக்கும் (எந்த ஒலியை எவ்வளவு சத்தமாகத் தருகிறது என்பதற்கும்) தொடர்பே தெரியவில்லை. கடையில் ஓடவிடும் பளபளப்பான டெமோ பாட்டுகளை விட்டுவிட்டு, உங்களுக்கு அத்துப்படியான ஒரு நாதஸ்வரக் கச்சேரியையும் இளையராஜாவின் பேஸ் கிட்டார் நன்றாகக் கேட்கும் ஒரு பாட்டையும் வைத்துக் கேளுங்கள், வீட்டில் வைக்கும் அதே சத்தத்தில்.

உங்கள் ரசனை தெரிந்த பிறகுதான் ஆம்ப் கணக்கு முழுமையாகும். பேஸ் பிரியர் ஈக்யூவில் பேஸை 6 டெசிபெல் ஏற்றினால், சிக்னல் கிளிப் ஆகாமல் (உச்சம் வெட்டுப்படாமல்) இருக்க ஈக்யூவில் உள்ள ப்ரீஆம்ப் அளவை அதே 6 டெசிபெல் இறக்கியாக வேண்டும், போன சத்தத்தை ஆம்ப்தான் திருப்பித் தர வேண்டும். பேஸிலேயே உச்சம் வரும் பாட்டுகளுக்கு அது இரு மடங்கு வோல்ட், நான்கு மடங்கு பவர். எச்டி 600-க்கு 2.5 வோல்ட் என்றிருந்தது 5 வோல்ட் ஆகிறது, அது டாங்கிளால் முடியாது, நடுத்தர விலை டெஸ்க்டாப் ஆம்ப் சாதாரணமாகத் தரும். சுஸ்வாராவுக்கு 2 வாட் ஆகிறது, அங்கே பெரிய ஆம்ப் வாங்குவதற்கு நிஜமான காரணம் இருக்கிறது.