லுக், ஸ்மெல், டேஸ்ட்: எப்போது 'லி' வேண்டாம்?

ஆங்கிலத்தில் 'தி காபி ஸ்மெல்ஸ் நைஸ்' சரி, கடைசியில் 'லி' (-ly) சேர்த்த 'நைஸ்லி' தவறு. ஸ்மெல், டேஸ்ட், லுக், ஃபீல், சீம் போன்றவை எழுவாயின் தன்மையைச் சொல்லும்போது இணைப்பு வினைகள் (linking verbs), அதாவது எழுவாயை அதன் தன்மையோடு இணைப்பவை. பின்னால் 'நைஸ்' போன்ற பெயரடைதான் வரும், 'நைஸ்லி' போன்ற வினையடை அல்ல.

சந்தேகமா? அந்த வினையின் இடத்தில் 'இஸ்' அல்லது 'வாஸ்' போட்டுப் பாருங்கள். 'ஷி லுக்ட் ஆங்ரி', 'ஷி வாஸ் ஆங்ரி': பொருள் நிற்கிறது. 'ஷி லுக்ட் ஆங்ரிலி அட் தி கண்டக்டர்' என்பதில் 'வாஸ்' போட்டால் வாக்கியமே உடைந்துவிடும். அங்கே அவர் கண்டக்டரை முறைக்கிறார். அது செயல், அதனால் 'லி' வேண்டும்.

சென்னை ஹோட்டல்களில் அடிக்கடி காதில் விழும் 'தி சாம்பார் இஸ் டேஸ்டிங் குட்' என்பதையும் விட்டுவிடுங்கள். இங்கே சொல்வது செயல் அல்ல, சாம்பாரின் தன்மை; அதனால் 'டேஸ்ட்ஸ் குட்' போதும். மாஸ்டர் கரண்டியில் எடுத்து உப்புப் பார்த்தால் மட்டுமே 'ஹி இஸ் டேஸ்டிங் தி சாம்பார்'.