கரண்ட் வைத்த தொண்டை: விழுங்குவதில் வீட்டில் நடக்கும் தவறுகள்

தொண்டைப் புற்றுநோய்க்குப் பெரும்பாலும் ஆறேழு வாரம், வாரத்துக்கு 5 நாள் என்று 33, 35 முறை கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைப்பார்கள். கடைசி நாள் முடிந்து வீட்டுக்கு வந்ததும் "அப்பாடா, முடிந்தது" என்று உட்கார்ந்துவிடுகிறோம் பாருங்கள், முதல் தவறே அங்கேதான். அதன் பிறகும் ஒன்றிரண்டு வாரத்துக்குப் புண் ஏறிவிட்டுத்தான் இறங்கும்.

எங்கள் பெரியப்பாவுக்கு அந்த நாட்களில் எச்சில் விழுங்கினாலே கண்ணில் தண்ணீர் வரும். அதான் மூக்கில் ட்யூப் இருக்கிறதே, பாலும் கஞ்சியும் அதில் போகிறதே, வாயால் வேறு எதற்குக் கொடுத்து வதைக்க வேண்டும் என்று பெரியம்மா எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார். பாசத்தில் செய்ததுதான். ஆனால் விழுங்குவது முழுக்க முழுக்கத் தசையின் வேலை. மாவுக்கட்டைப் பிரித்ததும் கை சூம்பிப் போயிருக்குமே, அதே கதைதான் தொண்டைக்கும். போதாததற்குக் கதிர்வீச்சு பட்ட தசை நாளாக ஆக நார்போல இறுகும். வாயால் எதுவும் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தால் சரி. சொல்லவில்லை என்றால், தினமும் நாலு ஸ்பூனாவது விழுங்கிக்கொண்டே இருக்க வேண்டும், அந்த வலிக்கு மருந்து கேட்டு வாங்கிக்கொள்ளலாம். கொடுத்த தொண்டைப் பயிற்சிகளையும் விடக் கூடாது. பெரியப்பா விட்டார், ட்யூப்பை எடுக்க மாதக்கணக்கில் ஆயிற்று.

அடுத்தது புரை ஏறுவது. "யாரோ நினைக்கிறாங்க" என்று தலையில் ரெண்டு தட்டு தட்டிவிட்டு அடுத்த வாய் ஊட்டுவோம். உண்மையில் சோறோ தண்ணீரோ மூச்சுக்குழாய்ப் பக்கம் போயிருக்கிறது. இருமலாவது வந்தால் பரவாயில்லை. கரண்ட் வைத்த தொண்டையில் உணர்ச்சி மழுங்கிப் போயிருந்தால் இருமலே வராமல் நுரையீரலுக்குள் இறங்கும், வீட்டில் எல்லோரும் "இப்ப நல்லா சாப்பிடறார்" என்று சந்தோஷப்படுவோம். சாப்பிட்டதும் குரல் ஈரமாகக் களகளவென்று மாறுகிறதா, அடிக்கடி சளியும் காய்ச்சலும் வருகிறதா, எடை இறங்குகிறதா என்று பாருங்கள். நிமோனியா வரை போகும் விஷயம் இது.

இதைக் கண்டுபிடிக்கப் பேரியம் கலந்த உணவை விழுங்கச் சொல்லி எக்ஸ்ரேயில் வீடியோ எடுப்பார்கள், அல்லது மூக்கு வழியாகச் சின்னக் கேமரா விட்டுப் பார்ப்பார்கள். செய்பவர் பல இடங்களில் ஸ்பீச் தெரபிஸ்ட். "பேச்சுதான் நல்லா வருதே, அவர் எதுக்கு?" என்று நாங்களே அவரைப் பார்க்கச் சொல்லி டாக்டர் கொடுத்த சீட்டை ஒரு மாதம் பையில் வைத்திருந்தோம்.

சமையலறைக்கு வருவோம். தண்ணீர்தான் சுலபம் என்று நினைக்கிறோம், ஆனால் அது வேகமாக ஓடுவதால் பலருக்குப் புரை ஏற்றுவதே அதுதான். ரசம் சாதம் இன்னும் மோசம். சோற்றை மென்று கொண்டிருக்கும்போதே ரசம் முன்னால் ஓடிவிடும், காரமும் புளிப்பும் வேறு எரியும். எச்சில் வற்றிய வாயில் வெறும் இட்லி மேலண்ணத்தில் மாவாக ஒட்டிக்கொள்ளும். பாலில் ஊறவைத்து மசித்தால் வழுக்கிக்கொண்டு போகும். தொண்டை சுருங்கியவருக்கோ கெட்டியான உணவு சிக்கும், நீர்த்தது போகும். அதனால் பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒத்துக்கொண்டது இவருக்கும் சரி என்று கொடுக்காதீர்கள். நிமிர்ந்து உட்கார வைத்து, டிவியை அணைத்து, அரை ஸ்பூன், விழுங்கியதும் வெறும் வாயாக இன்னொரு முறை விழுங்கச் சொல்லுங்கள். சாப்பிட்ட கையோடு படுக்கவும் விடாதீர்கள்.

மாத்திரையைக் கேட்காமல் பொடிக்கக் கூடாது, சிலவற்றைப் பொடித்தால் மொத்த மருந்தும் ஒரேயடியாக உடம்பில் இறங்கும். பல் பிடுங்கப் போனால் கரண்ட் வைத்ததை முதலில் சொல்லிவிடுங்கள், தாடை எலும்பு ஆறாமல் போகலாம். இது பத்து வருடம் கழித்துப் போனாலும்தான்.

விழுங்கும் தொல்லையும் அப்படித்தான், வருடங்கள் கழித்துக்கூட ஆரம்பிக்கும். புற்றுநோய் திரும்பிவிட்டதோ என்ற பயத்தில் ஆட்கள் அதை வீட்டில் சொல்லவே மாட்டார்கள். பெரியப்பா கல்யாணப் பந்தியில் உட்காருவதை நிறுத்தியபோது "கூட்டம் பிடிக்கல" என்றார், நாங்களும் நம்பினோம். அப்புறம் பார்த்தால் உணவுக்குழாய் மேல்பகுதி சுருங்கியிருந்தது. எண்டோஸ்கோப்பி வழியாக விரித்துவிட்டார்கள், இரண்டு முறை செய்ய வேண்டியிருந்தது. இப்போது காலையில் குழைந்த வெண்பொங்கல் சாப்பிடுகிறார், முக்கால் மணி நேரம் ஆகும், நெய் மட்டும் குறையக் கூடாது.