நாடி மெதுவாக, துடிப்பு ஓங்கி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பயிற்சிக்கு வந்த செவிலியரும் சரி, விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரைப் புதிதாக வாங்கியவரும் சரி, நாடி 48 என்று கண்டதும் சறுக்குவது ஒரே இடங்களில்தான். இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோரும் முதலில் சறுக்கிய இடங்களும் அவையே. படியேறி வந்த கையோடு எண்ணாதீர்கள், காப்பி குடித்ததும் எண்ணாதீர்கள் என்பதெல்லாம் தெரிந்த சங்கதி, அதை விட்டுவிடுவோம்.

மெதுவாக அடிப்பது ஒரு நோய், ஓங்கி அடிப்பது இன்னொரு நோய் என்று நினைப்பது

பெரும்பாலும் இரண்டும் ஒரே கணக்கு. நிமிடத்துக்கு 70 துடிப்பு, துடிப்புக்கு 70 மில்லி என்றால் இதயம் தள்ளுவது 4.9 லிட்டர். துடிப்பு 50 ஆனால், அதே 4.9 லிட்டரைத் தள்ள ஒவ்வொரு துடிப்புக்கும் 98 மில்லி வேண்டும். இடைவெளி நீளும்போது இதயத்தின் கீழறை கூடுதலாக நிரம்புகிறது, அதன் தசை இழைகள் இழுபடுகின்றன, அடுத்த சுருக்கம் பலமாக வருகிறது. இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் இதயம் நெஞ்சுச் சுவரை நெருங்குவதால் அது இன்னும் உரக்கத் தெரியும். நெடுந்தூரம் ஓடிப் பழகியவருக்கு ஓய்வு நாடி 40களில் இருந்து, தலைசுற்றலோ களைப்போ இல்லை என்றால், பொதுவாக அது பழுதல்ல.

கருவி காட்டும் எண்ணை இதயத்தின் எண் என்று நம்புவது

இன்றைக்கும் எரிச்சலூட்டுவது இந்தத் தவறுதான். அறிகுறி இப்படித்தான் சொல்லப்படும்: "நாடி 38தான் காட்டுது. ஆனா நெஞ்சுல தும்தும்னு இடிக்குது." 38ஐப் பார்த்து வீடே கலங்கிப்போகும். அங்கே நடப்பது பல சமயம் வேறு. நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்தால் கேட்கும்: ஒரு லப்-டப், அதன் வாலைப் பிடித்தபடி அவசரமாக இன்னொரு மெல்லிய துடிப்பு, பிறகு ஒரு மௌனம், அப்புறம் ஒரு இடி. அவசரமாக வந்தது எக்டோபிக் துடிப்பு, அதாவது முறை வருமுன் வேறிடத்திலிருந்து கிளம்பும் துடிப்பு. கீழறை நிரம்புவதற்குள் சுருங்கிவிட்டதால் அது தள்ளும் ரத்தம் கொஞ்சம். மணிக்கட்டு வரை அந்த அலை எட்டாது. அதற்குப் பின் வரும் மௌனத்தில் கீழறை நன்றாக நிரம்பிவிடும், அதனால்தான் அந்த இடி. ஒன்றுவிட்டு ஒன்று இப்படி வந்தால் அதற்குப் பெயர் பைஜெமினி. இதயம் 76 அடிக்கும், விரல் கருவி 38 காட்டும். ரத்த அழுத்தக் கருவியும் அலையைத்தான் எண்ணுகிறது என்பதால் அதுவும் அதே பொய்யைச் சொல்லும்.

பொய் எண்ணோடு விஷயம் முடிந்தால் பரவாயில்லை. நாடி குறைந்துவிட்டது என்று மெட்டோபுரோலால், அட்டெனோலால் போன்ற, நாடியைக் குறைக்கும் பீட்டா தடுப்பி மாத்திரையை அன்றிரவே தானாக நிறுத்துவார்கள். எக்டோபிக்கை அடக்கவே அந்த மாத்திரை எழுதப்பட்டிருக்கலாம்! மாதக்கணக்கில் அதைச் சாப்பிட்ட இதயம், அட்ரினலினை வாங்கும் ஏற்பிகளைக் கூட்டி வைத்திருக்கும். சட்டென்று நிறுத்தினால் அத்தனையும் ஒன்றாகக் கிளம்பும்: நாடி எகிறும், அழுத்தம் ஏறும், ரத்தக்குழாய் அடைப்பு உள்ளவருக்கு மாரடைப்பு வரை போகலாம். மருத்துவர் நிறுத்தச் சொன்னாலும் வழக்கமாக 1 முதல் 2 வாரம் வரை படிப்படியாகவே குறைப்பார். உண்மையிலேயே இதயம் 38தான் என்றால் உடனே நிறுத்த வேண்டியிருக்கலாம், ஆனால் அந்த முடிவு மருத்துவருடையது. ஆகவே அடுத்த வேளை மாத்திரைக்கு முன் அவரைக் கேளுங்கள்.

சரியாக எண்ணுவது இப்படி. 5 நிமிடம் உட்காருங்கள். ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் பெருவிரல் பக்க மணிக்கட்டில் வையுங்கள். பெருவிரலால் எண்ண வேண்டாம், அதன் சொந்தத் துடிப்பே குழப்பும். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்காதீர்கள், முழு 60 விநாடி. அதே நிமிடத்தில் இன்னொருவர் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்து எண்ணட்டும். நெஞ்சில் 76, மணிக்கட்டில் 38 என்றால் பிரச்சினை வேகத்தில் இல்லை, தாளத்தில். இரண்டும் 38 என்றால் அது வேறு கதை, அன்றே இசிஜி வேண்டும்.

கழுத்தின் இரு பக்கமும் ஒரே நேரத்தில் அழுத்திப் பார்ப்பது

கூடவே கூடாது. நாடி இன்னும் விழும், மயக்கமும் வரலாம்.

கண் சொட்டு மருந்தை மருத்துவரிடம் சொல்லாமல் விடுவது

கண் அழுத்தத்துக்குப் போடும் டிமோலாலும் பீட்டா தடுப்பிதான். மூக்குக்குள் வடிந்து ரத்தத்தில் கலந்து நாடியைக் குறைக்கும். சொட்டு விட்டதும் மூக்கோரக் கண்முனையை 2 நிமிடம் அழுத்திப் பிடித்தால் உள்ளே போவது குறையும். மருந்துப் பட்டியலில் டில்டியாசெம், வெராபமில், டிகாக்சின், ஐவாபிரடின், குளோனிடின் இருந்தால் அவற்றையும் சொல்லுங்கள். தைராய்டு குறைவும் பொட்டாசியம் ஏற்றமும் நாடியை மெதுவாக்கும், இரண்டும் ரத்தப் பரிசோதனையில் தெரியும்.

ஒரு இசிஜி நன்றாக இருந்ததும் ஃபைலை மூடுவது

சாதாரண இசிஜி பதிவது சுமார் 10 விநாடி. இடி தினமும் வந்தால் 24 மணி நேர ஹோல்டர் (உடலில் மாட்டிக்கொண்டே நடமாடும் இசிஜி கருவி) போதும். வாரம் ஒருமுறைதான் என்றால் 7 முதல் 14 நாள் பதிவு கேளுங்கள். இடித்த நேரத்தையும் அப்போது செய்த வேலையையும் எழுதி வைக்காவிட்டால் அந்தப் பதிவின் பயன் பாதிதான்.

ரத்த அழுத்தத்தின் மேல் எண்ணை மட்டும் பார்ப்பது

160/55 என்றால் நடுவில் 105 இருக்கிறது. மெதுவான நாடியும் தடித்த தமனியும் இந்த இடைவெளியைக் கூட்டும்; பெருந்தமனி வால்வு கசிந்தாலும் இப்படித்தான் இருக்கும். எக்கோ (இதய அல்ட்ராசவுண்ட்) எடுத்தால் தெரிந்துவிடும்.

நாடியை ஏற்றக் காப்பி குடிப்பது

அது மருந்தல்ல.

மயங்கி விழுந்த பிறகும் எண்ணிப் பார்த்துக்கொண்டிருப்பது

மயக்கம், கண் இருட்டல், நெஞ்சுவலி, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குதல், விழித்திருக்கையில் 40க்குக் கீழே நாடியும் தலைசுற்றலும்: இவற்றில் எது வந்தாலும் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். மேலறையின் மின் துடிப்பு கீழறைக்குப் போகாத முழு இதய அடைப்பாக இருந்தால் பேஸ்மேக்கர் தேவைப்படலாம். வண்டியை நீங்களே ஓட்டிப் போகாதீர்கள்.