துருப்பிடித்த மூக்கு லாரியை மீட்க நினைக்கிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

வடசென்னையில் எண்ணூர் நெடுஞ்சாலையை விட்டு உள்ளே போனாலும் சரி, மணலி, மாதவரம் பக்கம் போனாலும் சரி, ஏதாவது ஒரு காலி மனையில் வேலிகாத்தான் புதருக்குள் பழைய லாரி ஒன்று நிற்கும். 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் 1955-ல் அசோக் லேலண்ட் ஆகி, எண்ணூரிலிருந்து காமெட் லாரிகளை அனுப்பிக்கொண்டிருந்த ஊர் இது. டாடா, டைம்லர் பென்ஸுடன் சேர்ந்து 1954 முதல் தயாரித்த, இன்ஜின் முன்னால் மூக்கு மாதிரி நீண்டிருக்கும் மூக்கு லாரிகளும் துறைமுகச் சரக்கு ஏற்றி இந்தச் சாலைகளில்தான் ஓடின. அவற்றில் ஒன்றைப் பார்த்ததும் ஆசை வருவது இயல்பு. எனக்கும் வந்தது. முதல் வண்டியில் நான் ஏமாந்தது துருவைப் பார்க்காததால் அல்ல. தவறான இடத்துத் துருவைப் பார்த்ததால்.

எல்லோரும் செய்யும் முதல் தவறு, கேபினைப் பார்த்து முடிவெடுப்பது. கதவு இத்துப்போயிருக்கிறது, தரையில் ஓட்டை, கூரை பிய்ந்திருக்கிறது என்று வந்த வழியே திரும்பிவிடுகிறார்கள். அந்தக் காலத்து லாரி பெரும்பாலும் சேஸிஸும் (வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம்) முன்மூக்குமாகத்தான் கம்பெனியிலிருந்து வரும். கேபினும் பின் பாடியும் வெளியே பட்டறையில், மரச்சட்டத்தின் மேல் தகடு அடித்துக் கட்டியவை. ஒரு ஆசாரியும் ஒரு டிங்கரும் சேர்ந்தால் மறுபடியும் கட்டிவிடலாம். ஆனால் அச்சில் அழுத்தி எடுத்த மூக்குத் தகடு, பானெட், முன் கிரில் இவை போனால் போனதுதான். இவற்றில் ஒன்று குறைந்தாலும் இன்னொரு வண்டியைத் தேடி அலைய வேண்டியிருக்கும். அதனால் துருவை எண்ணுவதற்கு முன்னால், என்னென்ன இல்லை என்பதை எண்ணுங்கள்.

அடுத்தது சேஸிஸ். வண்டியின் விதி இங்கேதான் இருக்கிறது. விற்பவர் கறுப்பு பெயின்ட் அடித்துப் பளபளவென்று வைத்திருந்தால் இரண்டு மடங்கு கவனம் வேண்டும். நான் முதலில் பார்த்த காமெட் அப்படித்தான் இருந்தது. முன்பணம் கொடுத்த பிறகுதான் தண்டையார்பேட்டையில் எனக்குத் தெரிந்த டிங்கர் அண்ணனை அழைத்துப் போனேன். அவர் கையில் கால் கிலோ சுத்தியல் ஒன்றும் ஸ்க்ரூடிரைவர் ஒன்றும் சாக்பீஸ் ஒன்றும்தான். கீழே படுத்துக்கொண்டு முன்னாலிருந்து பின்னால் வரை ஒரு சாண் விட்டு ஒரு சாண் தட்டிக்கொண்டே போனார். டிங், டிங், டிங் என்று மணி மாதிரி கேட்டது. பின் ஸ்பிரிங் பட்டை மாட்டியிருக்கும் இடம் வந்ததும் 'தொப்' என்றது. "தம்பி, சத்தத்தைக் கேட்டியா?" என்றவர், ஸ்க்ரூடிரைவர் முனையை வைத்து அழுத்தினார். செதில் செதிலாக உதிர்ந்து முனை உள்ளே போய்விட்டது. அந்த இடத்தில் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி. மொத்தம் பதினேழு குறி போட்டார்.

காரணம் எளிது. சுமை தாங்க சேஸிஸின் மேல் இன்னொரு பட்டையை வைத்து ரிவெட் அடித்திருப்பார்கள். இரண்டு பட்டைக்கும் நடுவில் ஈரம் புகுந்தால் அங்கேயே தங்கிவிடும். துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடம் கேட்கும். அதனால் பட்டைகள் உப்பும், ரிவெட்டின் தலை தெறிக்கும். நம்ம பகுதியில் கடல் காற்றிலேயே உப்பு இருக்கிறது. காசிமேட்டில் மீன் ஏற்றிய வண்டி என்றால் ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் வருடக்கணக்கில் சேஸிஸ் மேல் வடிந்திருக்கும். வெளியே சும்மா நின்ற வண்டியைவிட இது மோசம். வெள்ளத்தில் நின்றதா என்றும் கேளுங்கள். குறுக்குச் சட்டங்களின் மூலைகளில் காய்ந்த சேறு இருந்தால் பதில் அங்கேயே கிடைத்துவிடும்.

குறுக்குச் சட்டம் போயிருந்தால் மாற்றலாம். நீளவாட்டுச் சட்டம் பல இடங்களில் இத்திருந்தால், மேலே தகடு வைத்துப் பற்றவைத்துத் தருகிறேன் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அது துருவை மூடும். வலு தராது.

இன்ஜின் இறுகிக் கிடந்தால் பலரும் கயிறு கட்டி இழுத்துக் கியரில் போட்டுப் பார்க்கிறார்கள். பிஸ்டன் வளையமோ கனெக்டிங் ராடோ உடைந்து, பிழைக்க வேண்டிய இன்ஜின் போய்விடும். இன்ஜெக்டர்களைக் கழற்றி, அந்தத் துளை வழியாக ஒவ்வொரு சிலிண்டரிலும் டீசலும் மெல்லிய ஆயிலும் ஊற்றிச் சில நாள் ஊறவிடுங்கள். அப்புறம் ஃப்ளைவீலில் கம்பி கொடுத்துக் கையால் முன்னும் பின்னுமாக அசைத்துப் பாருங்கள். இறுகிய இன்ஜினைப் பார்த்து நான் பயப்படுவதில்லை.

நான் பயப்படுவது சக்கரத்துக்கு. பழைய லாரி வீல்களில் டயரைப் பிடித்து வைத்திருப்பது தனியாக மாட்டிய இரும்பு லாக் ரிங். அது துருப்பிடித்திருக்கும்போது காற்றடித்தால் ரிங் தெறித்து ஆளையே கொன்றுவிடும். வண்டியை நகர்த்த வேண்டுமே என்று நின்ற இடத்திலேயே காற்றடிக்காதீர்கள். ரிம்மைக் கழற்றி, கம்பிக் கூண்டு வைத்திருக்கும் டயர் கடையில் கொடுங்கள்.

சரி, பேப்பர். வின்டேஜ் பதிவு வாங்கிவிடலாம் என்று நினைத்து லாரி வாங்குகிறவர்கள் நிறைய. 2021-ல் வந்த மத்திய விதி 50 வருடத்தைத் தாண்டிய வண்டிகளுக்குத்தான், ஆனால் அது இருசக்கர வண்டிகளையும் பயணிகள் காரையும் மட்டும்தான் சொல்கிறது. சரக்கு வண்டி அதில் வராது. சாலையில் ஓட்ட வேண்டுமானால் வழக்கமான எப்.சி. (தகுதிச் சான்று) வழிதான். ஆர்.சி.யில் பைனான்ஸ் பெயர் நீக்கப்பட்டிருக்கிறதா, காலாண்டு வரி பாக்கி இருக்கிறதா என்று பாருங்கள். வண்டி ஓடவில்லை என்று எழுதிக் கொடுக்காமல் விட்டிருந்தால் பாக்கி ஏறிக்கொண்டே போயிருக்கலாம். முக்கியமாக, சேஸிஸில் குத்திய எண்ணைக் கம்பி பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்துப் படித்து ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். கிரைண்டர் வைத்துத் தேய்த்தால் துருவோடு எண்ணும் போய்விடும்.

அந்தப் பதினேழு குறி காமெட்டை நான் வாங்கவில்லை. முன்பணமும் திரும்பவில்லை. ஒன்றரை வருடம் கழித்து மணலியில் ஒரு டாடா மூக்கு லாரி கிடைத்தது. கேபினே இல்லை, வேப்பங்கன்று ஒன்று இன்ஜினுக்கும் மூக்குக்கும் நடுவில் முளைத்திருந்தது. அதே அண்ணன் அதே சுத்தியலால் தட்டினார். மூன்றே குறி, மூன்றும் குறுக்குச் சட்டத்தில். இப்போது அது திருவொற்றியூரில் ஒரு ஷெட்டில் நிற்கிறது. ஆசாரி அளவெடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.