வரவுப் பாட்டில் நடுங்கிய குரல்

கூத்தில் எனக்கு ராசா வேசம். பாத்திரம் அரங்குக்கு வரும்போது பாடுகிற வரவுப் பாட்டு பயிற்சியில் கணீரென்று வரும்; களரி என்கிற கூத்து மேடை ஏறினதும் நடுங்கும்; மத்தளத்தை முந்திக்கொண்டு ஓடும். முல்லைத்தீவின் முள்ளியவளைப் பக்கத்துச் சனம் கூத்துக் கேட்டே வளர்ந்தது, ஒரு அடி பிசகினாலும் பிடித்துவிடும். அந்த நினைப்பே தொண்டையை அடைத்தது.

"பயப்பிடாதை" என்ற எவராலும் பயம் போகவில்லை. பயத்தில் மூச்சு மேலேறிக் குறுகும்; குரல் நடுங்குவது அதனால்தான். ஆகவே மூச்சிலிருந்து தொடங்கினேன்: நாலு எண்ணி உள்ளே, எட்டு எண்ணி வெளியே. விடுகிற மூச்சு நீண்டால் நெஞ்சுத் துடிப்பு இறங்கும்.

பெரிய மாற்றம், கூத்துப் பழக்கும் அண்ணாவியாரின் ஏற்பாட்டால் வந்தது. "தம்பி, இனி உடுப்பும் கிரீடமும் போட்டுத்தான் பழகவேணும்" என்றார். என்னை ஓடவிட்டு, மூச்சு வாங்க வாங்கப் பாடவைத்தார். அயல் வீட்டு முற்றங்களில், ஆக்கள் கதைத்துக்கொண்டிருக்க, பாட்டின் நடுவிலிருந்து எடுக்கச் சொன்னார். உடம்பு படபடத்தாலும் பாட்டு நிற்கும் என்ற நம்பிக்கை அங்கேதான் பிறந்தது.

2014இல் ஹார்வர்ட் ஆய்வாளர் அலிசன் வுட் புரூக்ஸ் வெளியிட்ட ஆய்வும் உதவியது. பாடுமுன் "பதற்றமாக இருக்கிறது" என்றவர்களைவிட, "உற்சாகமாக இருக்கிறது" என்று வாய்விட்டுச் சொன்னவர்கள் நன்றாகப் பாடினார்களாம். களரி ஏறுமுன் நானும் சொல்கிறேன்: "ஆசையா இருக்கு." நெஞ்சு இப்பவும் அடிக்கிறது, ஆனால் பாட்டு மத்தளத்தோடு போகிறது.